தாடை வலிக்கு பிசியோதெரபி: பற்களைப் பிரித்து வைப்பதில் தொடங்குங்கள்

காதுக்கு முன்னால் வலிக்கிறது. சப்பாத்தி மென்றால் கன்னம் இழுக்கிறது. கொட்டாவி விட்டால் 'டக்' என்று சத்தம் கேட்கிறது. காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்கிறார், பல் டாக்டர் எக்ஸ்ரேயில் சொத்தை இல்லை என்கிறார். இந்த இருவரையும் பார்த்து அலுத்த பிறகுதான் பலர் பிசியோதெரபிக்கு வருகிறார்கள். இந்த வகை வலி பெரும்பாலும் தாடை மூட்டிலிருந்தோ, மெல்லும் தசைகளிலிருந்தோ கிளம்புவது. அறுவை சிகிச்சை தேவைப்படுவது மிகச் சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு வேண்டியது தாடைக்கு ஓய்வு கொடுக்கும் பழக்கமும், அளவாகச் செய்யும் சில அசைவுகளும்.

காது ஓட்டைக்கு ஒரு விரல் அகலம் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஓர் உருண்டை நகரும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. அதற்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே மெத்தைபோன்ற மெல்லிய டிஸ்க் ஒன்று இருக்கிறது. வாய் முதல் 20–25 மி.மீ. திறக்கும்வரை அந்தத் தலை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழலும். அதற்கு மேல் திறந்தால் டிஸ்க்கோடு சேர்ந்து முன்னால் வழுக்கிச் செல்லும். இந்த இரண்டு கட்டங்களையும் மனதில் வையுங்கள். வலி இருக்கும் நாட்களில் முதல் கட்டத்துக்குள்ளேயே நின்று பயிற்சி செய்வதற்கு இதுதான் காரணம்.

கன்ன எலும்பிலிருந்து தாடை மூலைவரை இறங்கும் கன்னத் தசை, நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்திருக்கும் பொட்டுத் தசை ஆகிய இரண்டும்தான் அதிகம் தொல்லை கொடுப்பவை. இவற்றில் பிடிப்பு ஏற்பட்டால் வலி வேறிடத்தில் தெரியும். கன்னத் தசையின் வலி கடைவாய்ப்பல் வலிபோலவோ காது வலிபோலவோ காட்டும். பொட்டுத் தசையின் வலி தலைவலியாகவும் மேல்வரிசைப் பல் வலியாகவும் வரும். நல்ல பல்லைப் பிடுங்கிய பிறகும் வலி அப்படியே இருந்தது என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிற்சிக்கு முன் விலக்க வேண்டியவை

எல்லா முக வலிக்கும் பிசியோதெரபி தீர்வல்ல. முகம் கழுவும்போதோ, பல் துலக்கும்போதோ, காற்று பட்டாலோ ஷாக் அடித்ததுபோல் சில நொடிகள் குத்தி நின்றுவிடும் வலி என்றால் அது முக நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு நரம்பியல் மருத்துவரின் மாத்திரைதான் முதலில் வேண்டும். தசையைத் தேய்த்தால் அந்த வலி தூண்டப்படும்.

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி வருகிறது, சீப்பு பட்டால் தலைத்தோல் வலிக்கிறது, உணவை மெல்லத் தொடங்கிய சற்று நேரத்தில் தாடை சோர்ந்து வலித்து, நிறுத்தினால் சரியாகிறது, பார்வை மங்குகிறது. இவை சேர்ந்து வந்தால் பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். சிகிச்சை தாமதமானால் பார்வை போய்விடும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படியேறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தாடை வலித்து, வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது இதயத்தின் எச்சரிக்கை. காய்ச்சலோடு கன்னம் வீங்கியிருந்தால், முகம் மரத்துப்போனால், கட்டி தட்டுப்பட்டால், வாய்ப்புண் மூன்று வாரம் கடந்தும் ஆறாவிட்டால், அடிபட்ட பிறகு பற்கள் முன்போல் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் பயிற்சியைத் தொடங்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். புகையிலை, பாக்கு, குட்கா பழக்கம் உள்ளவருக்கு வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறைந்து வந்தால் அது மூட்டுப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. வாயின் உட்புறத்தைப் பரிசோதிப்பதுதான் முதல் வேலை.

அளந்து எழுதி வையுங்கள்

அளக்காமல் செய்யும் பயிற்சியில் முன்னேற்றம் இருக்கிறதா என்று தெரியாது. 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஸ்கேல்களில் பூஜ்யம் ஓரத்திலேயே இருக்காது, சில மி.மீ. தள்ளித்தான் தொடங்கும். அந்த ஓரத்தைச் சீராக வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அந்த அளவை ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் நின்று, வலி தொடங்காத அளவுக்கு வாயைத் திறந்து, மேல் முன்பல்லின் விளிம்புக்கும் கீழ் முன்பல்லின் விளிம்புக்கும் இடைவெளியைப் பாருங்கள். இது முதல் எண். பிறகு வலியோடு எவ்வளவு திறக்க முடிகிறது என்று ஒரே ஒரு முறை பார்த்து இரண்டாவது எண்ணை எழுதுங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40 முதல் 50 மி.மீ. வரை திறக்கும். ஸ்கேல் இல்லாதபோது உங்கள் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். மூன்றும் நுழைந்தால் போதும்.

திறக்கும்போது கீழ்த்தாடை நேராக இறங்குகிறதா என்பதையும் கண்ணாடியில் கவனியுங்கள். வழியில் ஒரு பக்கம் வளைந்துபோய்க் கடைசியில் நடுவுக்கே திரும்பினால், டிஸ்க் இடம் மாறித் திரும்பப் பொருந்துகிறது என்று பொருள். அப்போது பெரும்பாலும் 'டக்' சத்தமும் இருக்கும். ஒரு பக்கம் சாய்ந்து அங்கேயே நின்றுவிட்டால் அந்தப் பக்கத்து மூட்டு வழுக்கி முன்னே போகவில்லை. முன்பு சத்தம் இருந்து, ஒருநாள் சத்தம் நின்று, அதோடு வாயும் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காமல் போனால் டிஸ்க் முன்னால் சிக்கிக்கொண்டிருக்கலாம். சத்தம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையக்கூடிய இடமல்ல இது. சில நாட்களுக்குள் பிசியோதெரபிஸ்டையோ தாடை நிபுணரையோ பார்த்தால் சீக்கிரம் விடுபட வாய்ப்பு அதிகம்.

வலியே இல்லாமல், வாயும் நன்றாகத் திறந்து, வெறும் சத்தம் மட்டும் வந்தால் அதற்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம். இன்னும் வருகிறதா என்று நாளுக்கு இருபது முறை திறந்து பார்ப்பதுதான் கெடுதல்.

'கன்னம்' என்று சொல்லுங்கள்

எந்த மெஷினையும்விட, எந்த மசாஜையும்விட இந்த வலியில் பலன் தருவது தாடையின் ஓய்வு நிலைதான். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய அவசியமே இல்லை. லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் தசை வேலை செய்துகொண்டேதான் இருக்கும். கம்ப்யூட்டர் முன், வண்டி ஓட்டும்போது, காய் நறுக்கும்போது, யோசிக்கும்போது என்று மணிக்கணக்கில் பற்களைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு, அரை மணி நேரப் பயிற்சியால் மட்டும் வலி குறையாது.

'கன்னம்' என்று சொல்ல ஆரம்பித்து 'ன்' என்ற இடத்திலேயே நிறுத்துங்கள். நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், ஈறு மேடாக இருக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும். அங்கேதான் நாக்கு இருக்க வேண்டும். 'கண்' என்பதில் வரும் 'ண்' வேண்டாம், அது நாக்கைப் பின்னால் மடக்கும். 'பந்து' என்பதில் வரும் 'ந்' வேண்டாம், அது நாக்கைப் பல்லிலேயே இடிக்கும். 'ன்' நிலையில் நாக்கின் முன்பகுதி மேலண்ணத்தில் பூப்போல் தொட்டிருக்கட்டும், அழுத்தக் கூடாது. உதடுகள் லேசாகச் சேர்ந்திருக்கும், பற்களுக்கிடையே 2–4 மி.மீ. இடைவெளி இருக்கும், மூச்சு மூக்கு வழியாகப் போய்வரும்.

இதை நாள் முழுக்க நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது. அதனால் நினைவூட்டல் வையுங்கள். மானிட்டர் ஓரத்திலும், குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும், போன் கவரின் பின்புறத்திலும் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டுங்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் பல் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் உதட்டை நாவால் ஈரப்படுத்தி, வாய் வழியாக மெதுவாக ஊதி, 'ன்' நிலைக்கு வாருங்கள். முதல் வாரத்தில் பார்க்கும்போதெல்லாம் பற்கள் சேர்ந்திருப்பதைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். அதைக் கவனிக்கத் தொடங்கியதே சிகிச்சையின் முதல் பலன்.

வீட்டுப் பயிற்சிகள்

சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரொகபாடோ வகுத்த ஆறு பயிற்சி முறை உலகெங்கும் பயன்படுகிறது. ஆறு பயிற்சிகள், ஒவ்வொன்றும் ஆறு தடவை, நாளுக்கு ஆறு வேளை. எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தாலும் ஒரு வேளைக்குச் சில நிமிடங்களே ஆகும். கொஞ்சமாக அடிக்கடி செய்வதுதான் இதன் உயிர். காலையில் ஒரே மூச்சில் முப்பத்தாறு தடவை செய்துவிட்டு மறந்துவிடுவது தாடையைப் புண்ணாக்கும். ஆறு வேளை முடியாதவர்கள் மூன்று சாப்பாட்டு வேளைகளோடு இணைத்துச் செய்யலாம்.

முதலில் 'ன்' நிலையில் வயிறு உப்பி இறங்கும்படி மூக்கால் ஆறு மூச்சு. கழுத்தும் தோளும் தளரட்டும்.

அடுத்தது முக்கியமான பயிற்சி. நாக்கை மேலண்ணத்தில் வைத்தபடியே ஒரு கை ஆள்காட்டி விரலை மூட்டின்மேலும் மற்றொரு கை விரலை முகவாயிலும் வையுங்கள். நாக்கு விலகாத வரைக்கும் மட்டும் வாயைத் திறந்து மெதுவாக மூடுங்கள். நாக்கு மேலே இருப்பதால் தாடை சுழலும் கட்டத்தைத் தாண்டாது. கண்ணாடியைப் பார்த்து, முகவாய் நேர்கோட்டில் இறங்குகிறதா என்று சரிபாருங்கள். கோணினால் திறக்கும் அளவைக் குறையுங்கள். சத்தம் வந்தாலும் அதேதான், சத்தத்துக்கு முன்னால் நிற்கும் அளவுக்குத்தான் திறக்க வேண்டும்.

மூன்றாவது, அசையாமல் எதிர்ப்பது. பற்களுக்கிடையே சுண்டுவிரல் அகலம் திறந்து வைத்து, முகவாயை இரண்டு விரல்களால் மேல்நோக்கி, கீழ்நோக்கி, இடப்பக்கம், வலப்பக்கம் என ஒவ்வொரு திசையிலும் மெல்லத் தள்ளுங்கள். தாடை இருந்த இடத்தைவிட்டு நகராமல் எதிர்க்கட்டும். ஒவ்வொரு திசைக்கும் 5 நொடி. கண் இமையின்மேல் வைத்தால் கூசாத அளவு அழுத்தம் போதும். இங்கே பெரும்பாலானவர்கள் பலப்பரீட்சை நடத்திவிடுகிறார்கள். பயிற்சியின் நோக்கம் தசையைப் பெரிதாக்குவதல்ல, தாடையை நடுவில் நிறுத்தும் கட்டுப்பாட்டைத் திரும்பக் கற்றுக்கொள்வது.

மீதி மூன்றும் கழுத்துக்கும் தோளுக்குமானவை. கழுத்துக்குப் பின்னால் இரண்டு கைகளையும் கோத்து முகவாயை லேசாகத் தாழ்த்தித் தலையாட்டுவது, 'இரட்டைத் தாடை' விழும்படி தலையை நேராகப் பின்னுக்கு இழுப்பது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துக் கீழே இறக்குவது. போனைக் குனிந்து பார்க்கும் கழுத்தோடு தாடையை மட்டும் சரிசெய்ய முடியாது. தலை முன்னே தள்ளியிருந்தால் தாடைக்குக் கீழுள்ள தசைகள் இழுபட்டு, கீழ்த்தாடையும் பின்னால் இழுபடும்.

பயிற்சி முடிந்ததும் வலி சற்றுக் கூடலாம். அரை மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் காலையிலும் கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம்.

ஒத்தடமும் மசாஜும்

தசைப் பிடிப்புக்கு ஈர ஒத்தடம் நல்லது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்திலிருந்து நெற்றிப்பொட்டுவரை போர்த்தி 15 நிமிடம் வையுங்கள். துண்டு சீக்கிரம் ஆறிவிடும், இரண்டு துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டால் சூடு நிலைக்கும். சர்க்கரை நோயாலோ வேறு காரணத்தாலோ தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை மற்றொருவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அடிபட்ட முதல் இரண்டு நாட்களுக்குச் சூடு வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் வையுங்கள்.

ஒத்தடம் கொடுத்த கையோடு மசாஜ் செய்யலாம். எவ்வளவு அழுத்துவது என்பதில்தான் தவறு நடக்கிறது. சமையலறை டிஜிட்டல் தராசில் விரலால் அழுத்தி 1 கிலோ காட்டும் அழுத்தத்தைப் பழகிக்கொள்ளுங்கள். கன்னத் தசைக்கும் பொட்டுத் தசைக்கும் அது போதும். மூட்டின்மேல் அழுத்த வேண்டாம். பற்களைப் பிரித்து வைத்து, கன்ன எலும்பின் கீழிருந்து தாடை மூலைவரை இரண்டு விரல்களால் மெதுவாக இறக்குங்கள். கல்போல் உருளும் இடத்தில் 20–30 நொடி நிறுத்துங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் தாராளம்.

வாய்க்குள்ளிருந்தும் கன்னத் தசையைப் பிடிக்கலாம். நகம் வெட்டிக் கை கழுவியபின், அல்லது கையுறை போட்டு, வலது கன்னத்துக்கு இடது கையைப் பயன்படுத்துங்கள். கட்டைவிரல் கன்னத்தின் உட்புறம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வெளிப்புறம். தசையை இரண்டுக்கும் நடுவே மெல்லப் பிடித்து, இறுக்கம் தளரும்வரை காத்திருங்கள். பிசையவோ இழுக்கவோ வேண்டாம். மேல் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் விரலை நுழைத்து உள் தசையைத் தொட முயலாதீர்கள். அந்த இடம் எல்லோருக்கும் வலிக்கும், புண்ணாகவும் எளிதில் வாய்ப்புண்டு.

சாப்பாடு, தூக்கம், கொட்டாவி

முதல் சில வாரங்களுக்கு முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, தேங்காய்ச் சில்லு, பரோட்டா, எலும்புக் கறி, சூயிங் கம் ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். கொய்யாவையும் ஆப்பிளையும் கடிக்காமல் மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள். அதற்காகக் கஞ்சியிலேயே மாதக்கணக்கில் இருக்கவும் கூடாது. அசைவே இல்லாத மூட்டு இறுகிப்போகும். இட்லி, குழைந்த சாதம், வேகவைத்த காய், மீன் என்று மெல்ல வேண்டிய ஆனால் முரண்டு பிடிக்காத உணவுகளோடு தொடங்கி, வலி குறையக் குறையச் சப்பாத்திக்குத் திரும்பலாம். வலி இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து ஒரே பக்கமாக மென்றுகொண்டிருந்தால் அந்தப் பக்கமும் சோர்ந்துவிடும். வாய்க்குச் சிறிய கவளமாக எடுத்து இரு பக்கமும் மெல்லுங்கள்.

கொட்டாவி வரும்போது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, முகவாய்க்கு அடியில் கையை முட்டுக்கொடுத்தால் வாய் அளவுக்கு மீறித் திறக்காது. தாடை அடிக்கடி நழுவுபவர்களுக்கு இது கட்டாயம். ஒருவேளை வாய் திறந்தபடி மூட முடியாமல் நின்றுவிட்டால் வீட்டில் யாரும் தள்ளி மூட முயலக் கூடாது. முகவாயைத் துண்டால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கவிழ்ந்து படுப்பது தாடையை ஒரு பக்கம் தள்ளும். மல்லாந்தோ, கன்னத்தில் கை வைக்காமல் ஒருக்களித்தோ படுங்கள். இரவில் பல்லை நறநறப்பது மனஉறுதியால் நிற்காது. பல் டாக்டர் செய்துதரும் நைட் கார்டு (தூங்கும்போது பற்களில் மாட்டும் உறை) பற்கள் தேயாமல் காக்கும், சிலருக்குக் காலை வலியையும் குறைக்கும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் பல் கடிப்பது கூடலாம். சந்தேகம் இருந்தால் எழுதித் தந்த மருத்துவரிடம் கேளுங்கள், தாமாக நிறுத்த வேண்டாம்.

கிளினிக்கில் என்ன நடக்க வேண்டும்

நல்ல பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் கரண்ட் மெஷினை எடுக்க மாட்டார். வாய் திறக்கும் அளவு, பக்கவாட்டு அசைவு, கழுத்து அசைவு ஆகியவற்றை அளந்து, தசைகளை அழுத்தி, 'உங்களுக்கு வழக்கமாக வரும் வலி இதுதானா' என்று கேட்பார். அழுத்தினால் வலிப்பது வேறு, வழக்கமான வலியே திரும்ப வருவது வேறு. பிந்தையதுதான் மூலத்தைக் காட்டும்.

மூட்டு இறுகியிருந்தால் கையுறை போட்ட கட்டைவிரலைக் கீழ்க் கடைவாய்ப்பல்லின்மேல் வைத்து, மற்ற விரல்களால் தாடையைப் பிடித்து, மெல்லக் கீழ்நோக்கி இழுத்து, பிறகு முன்னோக்கி நகர்த்துவார். எதையும் சடக்கென்று செய்யக் கூடாது. வலித்தால் கை உயர்த்திச் சொல்ல ஓர் அடையாளத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், வாய்க்குள் விரல் இருக்கும்போது பேச முடியாது. தாடை நழுவும் இயல்புள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர்களுக்கு இந்த இழுவை பொருந்தாது. தசைப் பிடிப்புக்கு ஊசி குத்தும் சிகிச்சையைப் பரிந்துரைத்தால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். டென்ஸ் (தோல் வழியாக லேசான மின்சாரம் செலுத்தும் மெஷின்), லேசர், அல்ட்ராசவுண்ட் போன்றவை சில நாட்களுக்கு வலியைத் தணிக்க உதவலாம். பத்து நாள் மெஷின் மட்டும் வைத்து, ஒரு பயிற்சிகூடக் கற்றுத்தராமல் அனுப்பினால் அது பாதிச் சிகிச்சைகூட இல்லை.

கடித்தால் பற்கள் சரியாகப் பொருந்தாததுதான் இந்த வலிக்கெல்லாம் காரணம் என்ற எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 1934-இல் கடைவாய்ப்பல் இழப்போடு இந்த வலியைத் தொடர்புபடுத்தி எழுதினார். அதன்பின் பற்களைத் தேய்த்துக் கடியைச் சரிசெய்வது பல பத்தாண்டுகள் நடந்தது. தேய்த்த பல் திரும்ப வளராது. பயிற்சி, ஒத்தடம், நைட் கார்டு போன்ற, வேண்டாமென்றால் நிறுத்திவிடக்கூடிய வழிகளை முழுதாக முயன்று பார்க்காமல் பல்லைத் தேய்க்கவோ மூட்டில் அறுவை சிகிச்சை செய்யவோ ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாய் திறக்காதவர்களுக்கு

வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள், பாக்கு மென்றதால் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகிப்போனவர்கள் ஆகியோரின் பிரச்சினை வேறு. இங்கே நாக்கை ஒட்டி வைத்த சிறு அசைவு போதாது, இறுகிய திசுவை நீட்ட வேண்டும். முன்பல் இடைவெளி 35 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் வாய் இறுக்கம் என்று கணக்கு. ஒரே தடிமனுள்ள சுத்தமான ஐஸ் குச்சிகளை அடுக்கி, வலி தொடங்கும் எல்லையில் எத்தனை குச்சி நுழைகிறது என்று எண்ணுங்கள். அந்த அடுக்கைப் பற்களுக்கிடையே வைத்து 7 நொடி பிடித்து எடுத்தால் ஒரு தடவை. இப்படி 7 தடவை, நாளுக்கு 7 வேளை. சில நாட்கள் அதே அளவில் சுலபமாக நுழைந்த பிறகு நடுவில் ஒரு குச்சியைச் செருகுங்கள். முன்பற்கள் ஆடினால் பக்கப் பற்களுக்கிடையே, இரு புறமும் மாற்றி மாற்றி வையுங்கள். கதிர்வீச்சால் வரும் இறுக்கம் சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தும் கூடிக்கொண்டே போகும் என்பதால், கதிர்வீச்சு தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேட்டு ஆரம்பிப்பது நல்லது. ஈறு விலகி எலும்பு தெரிந்தாலோ புதிதாகப் பல் ஆடினாலோ குச்சியைக் கீழே வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். பாக்கை விடாமல் குச்சி வைப்பதில் பயனில்லை.

கடைசிக் கடைவாய்ப்பல் பிடுங்கியபின் வரும் இறுக்கம் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே தளரும். மூன்றாம் நாளிலிருந்து ஒத்தடமும் மெல்லத் திறந்து மூடுவதும் போதும்.

மற்ற தாடை வலிகளுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம்வரை நேரம் கொடுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், அதே ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். வலி அடங்கிய பிறகு ஆறு வேளையை மூன்றாக்கி, பிறகு ஒன்றாக்கி, நிறுத்திவிடலாம். 'ன்' நிலையை மட்டும் விடாதீர்கள். ரூட் கெனால் போல நீண்ட நேரம் வாய் திறந்திருக்க வேண்டிய வேலை வந்தால், கடித்துக்கொள்ள ரப்பர் கட்டை வைக்கும்படியும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாயை மூட விடும்படியும் பல் டாக்டரிடம் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.